பழைய காடி வைத்திருக்காதவர் பெயரில் சுழற்கோப்பையா?

2025 ஜனவரி 5, கேள்வி

நம் பழைய காடி (கார்) கிளப்பில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மறைந்த செயலாளர் நினைவாகச் சுழற்கோப்பை வைக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. யாருக்கு, எதற்கு என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. விசாரித்தால் அவர் ஒரு பழைய காடிகூட வைத்திருந்ததில்லை என்கிறார்கள். நான் என் 1967 வோக்ஸ்வேகன் கூராவை (பீட்டில் காடியை) மூன்று வருடம் தட்டி, துரு சுரண்டி, சாயமடித்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவன். சிறந்த காடிக்குத் தரும் கோப்பைக்கு அப்படி ஒரு காடியைச் செய்து காட்டியவர் பெயரை வைப்பதுதானே முறை?

ஜனவரி 5, இரவு

தம்பி, கேள்வி சரிதான். சுற்றறிக்கை அரைகுறையாகப் போயிருக்கிறது, அதை எழுதியவன் நான். செயலாளர் அண்ணன் இருந்திருந்தால் அந்தக் காகிதம் வாசலைத் தாண்டியிருக்காது. ஓரத்தில் சிவப்புப் பேனாவால் "யாருக்கு? எதற்கு? எப்போது?" என்று எழுதி என் கையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பார்.

பழைய காடி வைத்திருந்ததில்லை என்பது பாதி உண்மை. டட்சன் 120ஒய் வைத்திருந்தார். 1171 சிசி, வெளுத்துப்போன மஞ்சள். 1983இல் நான் கிளப்பில் சேர்ந்தபோது அது பழைய காடி இல்லை, சும்மா ஒரு காடி. எந்த மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலிலும் அது மாதிரி நாலு நிற்கும். அவர் அதை விற்கவுமில்லை, மாற்றவுமில்லை, சாயமும் அடிக்கவில்லை. 2000 தாண்டிய பிறகு சின்னப் பையன்கள் அதைச் சுற்றி நின்று படம் பிடிக்க ஆரம்பித்தார்கள், அவருக்கு அது எரிச்சல். "இதில் என்ன இருக்கிறது, நேற்றுதான் இதில் உரமூட்டை ஏற்றினேன்" என்பார்.

1982 முதல் 2019 வரை செயலாளர். 37 வருடம். இதற்கு நடுவில் எட்டுத் தலைவர்கள் வந்து போனார்கள், அவர்களில் இரண்டு பேருடைய பெயர் எனக்கே சட்டென்று வரவில்லை.

பெயர் விஷயத்துக்கு வருவோம். உலகக் கிண்ணக் கால்பந்தின் பழைய கோப்பைக்கு ஜூல் ரிமே பெயர். அவர் ஒரு வழக்கறிஞர், கோல் அடித்துப் பெயர் வாங்கியவர் இல்லை. 1921 முதல் 1954 வரை ஃபிஃபா தலைவராக உட்கார்ந்து கடிதம் எழுதி, கூட்டம் கூட்டி, சண்டை தீர்த்துவைத்தவர். 33 வருடம். எங்கள் அண்ணன் நாலு வருடம் கூட.

ஜனவரி 6

நேற்று எழுதியதைக் காலையில் படித்தால் வக்கீல் மாதிரி வாதாடியிருப்பது தெரிகிறது. உங்கள் கேள்வியில் பாதிக்கு நான் பதிலே சொல்லவில்லை: எதற்குக் கொடுப்பது? எனக்கும் தெரியவில்லை. கமிட்டியில் ஐந்து பேர், ஆறு கருத்து.

ஜனவரி 9

ஈப்போ நண்பர் ஒருவர் தனியாகக் கேட்கிறார், "செயலாளர் என்றால் அப்படி என்னதான் செய்வார், கூட்டத்துக்கு நேரம் குறிப்பார், அவ்வளவுதானே?"

சொல்கிறேன். நம் மலேசியாவின் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி பதிவான ஒவ்வொரு சங்கமும், கோவில் கமிட்டி ஆனாலும் காடி கிளப் ஆனாலும், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்பியாக வேண்டும். பொறுப்பாளர் பட்டியல், கூட்டக் குறிப்பு, வரவு செலவு எல்லாம் அதில் வரும். அனுப்பாமலே விட்டால் ஒருநாள் பதிவு ரத்து என்று கடிதம் வரும். நம் ஊரில் எத்தனை தமிழ்ச் சங்கங்கள் இப்படிச் செத்தன என்று உங்கள் அப்பாவைக் கேளுங்கள். சண்டை போட்டுச் செத்ததைவிட பாரம் (படிவம்) அனுப்பாமல் செத்ததுதான் அதிகம் இருக்கும் என்பது என் ஊகம்.

37 வருடத்தில் அவர் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. இப்போது எல்லாம் இணையத்தில். அப்போது நேரில் போக வேண்டும், போனால் ஒரு கையெழுத்து குறைகிறது என்பார்கள், அந்தக் கையெழுத்துக்காரர் சுங்கை பட்டாணியில் கல்யாண வீட்டில் இருப்பார். அண்ணன் 120ஒய்யைத் தட்டிக்கொண்டு ஃபெரியில் ஏறிப் போய், பந்தியில் இலைக்குப் பக்கத்தில் காகிதத்தை வைத்துக் கையெழுத்து வாங்கி வந்தார். காகிதத்தில் ரசக் கறை. அதோடுதான் அனுப்பினோம்.

சுற்றறிக்கையை முதலில் சைக்ளோஸ்டைலில் எடுப்பார், பிறகு போட்டோஸ்டாட், பிறகு மின்னஞ்சல், கடைசியில் வாட்ஸ்அப். வாட்ஸ்அப்பிலும் மேலே தேதி, கோப்பு எண், கீழே "இங்ஙனம்". பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூடக் கோப்பு எண் போட்டவர் அவர்.

அப்புறம் ஊர்வலமாகப் போகும்போது கடைசிக் காடி அவருடையதுதான். எல்லாருக்கும் பின்னால். முன்னால் தலைவர் கொடி கட்டிப் போவார். நின்றுபோன காடியைத் தாண்டிப் போக முடியாத இடத்தில் அண்ணன் வருவார்.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

1984 ஓட்டத்தில் என் மோரிஸ் மைனர் நின்ற கதையைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது.

என்னுடையது 1960 மாடல், 948 சிசி, பக்கவாட்டுத் தூணிலிருந்து கைகாட்டி எழும்பும் ரகம். மோரிஸ் மைனர் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்த காடி, பிற்பாடு மினியை வரைந்த அலெக் இசிகோனிஸ்தான் இதையும் வரைந்தவர். முதல் மாதிரி குறுகலாகப்பட்டதால் நடுவில் வெட்டிப் பிளந்து நாலு அங்குலம் தள்ளிவைத்துப் பார்த்து, இதுதான் சரி என்றாராம். அதனால்தான் பானட்டின் நடுவில் ஒரு தட்டையான பட்டை ஓடுகிறது. போகிறது, விஷயத்துக்கு வருகிறேன்.

பினாங்குத் தீவில் தெலுக் பஹாங் தாண்டி தித்தி கெராவாங் ஏற்றம். வளைவு, மறுபடி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் டுரியான் மரம். நண்பகல். காடி இருமியது, தும்மியது, நின்றது. பெட்ரோல் டாங்கியில் பாதிக்கு மேல் இருக்கிறது. நான் காபுரேட்டரைக் கழற்றப் போனேன். பின்னால் மஞ்சள் 120ஒய் வந்து நின்றது. அண்ணன் இறங்கி, என்னைக் கேட்காமலே ஸ்பானர் பிடியால் பெட்ரோல் பம்பை மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். சாவியைத் திருப்பச் சொன்னார். டக், டக், டக், பம்ப் பேசியது. உள்ளே பாயிண்ட் (மின்தொடர்பு முனை) ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்புறம் ஒரு துணியை நனைத்துப் பம்ப் மேலே சுற்றினார், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடாமல் இருக்க. அந்த ஈரத்துணியோடு பாலிக் புலாவ் போய்ச் சேர்ந்தேன்.

அன்று சாயங்காலம் எல்லாரும் புதுப் பாலத்தில் ஏறி பட்டர்வொர்த் பக்கம் போய் மீ கோரெங் சாப்பிட்டோம்.

ஜனவரி 10

சரி, சரி, மூன்று பேர் பிடித்துவிட்டார்கள். பினாங்குப் பாலம் திறந்தது 1985 செப்டம்பர் 14. அப்போதைய பிரதமர் மகாதீர் புரோட்டோன் சாகாவை ஓட்டிப் போய்த் திறந்தது. 1984இல் பாலத்தில் ஏறியிருந்தால் நேரே கடலில்தான் இறங்கியிருப்போம். மீ கோரெங் வேறு வருடத்தது. 1984இல் ஃபெரியில்தான் போனோம். 2021இலிருந்து ஃபெரியில் காடி ஏற்றுவதே இல்லை என்பதால் நினைவில் எல்லாப் பயணமும் பாலத்தில் போனதாகப் பதிந்துவிடுகிறது போல.

சாகா என்றதும் ஒருவர் ஆரம்பித்துவிட்டார், 1985 சாகாவுக்கு இந்த வருடம் 40 வயது, அதையும் கிளப்பில் சேர்ப்பீர்களா என்று. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் உடம்புதானே அது, இதில் என்ன கிளாசிக் என்று இன்னொருவர். இந்தச் சண்டைக்குத் தனி இழை போடுங்கள். என் ஓட்டு சாகாவுக்கு. என் கல்யாணக் காடி அது.

ஜனவரி 15

பொங்கல் கரும்பு மென்றுகொண்டே யோசித்தது.

கூராக்காரத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொல்லும் நல்ல குணமெல்லாம் சரி, ஆனால் நல்ல குணத்துக்கு மார்க் போட முடியாது. சாயத்துக்கு, குரோமுக்கு, அசல் பாகத்துக்கு மார்க் போடலாம். கோப்பை என்றால் அளவுகோல் வேண்டும்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். அதைவிட மோசம், அண்ணன் இருந்திருந்தால் உங்கள் பக்கம்தான் பேசியிருப்பார். விதி என்றால் விதி. இதில் எனக்கே ஒரு பழைய காயம் உண்டு.

1992 மே. தாமஸ் கிண்ணம் கோலாலம்பூரில். இந்தோனேசியாவை 3-2 என்று வென்றோம், 25 வருடத்துக்குப் பிறகு கிண்ணம் திரும்பி வந்தது. அந்த வாரம் முழுக்க என் மண்டைக்குள் பூப்பந்து மட்டும்தான் பறந்தது. கிளப் கண்காட்சிக்கு மனுக் கொடுக்கக் கடைசி நாள் சனிக்கிழமை என்பதை மறந்தேன். செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் மனுவை வாங்கினார், தேதி முத்திரை குத்தினார், "காலம் கடந்தது" என்று எழுதி என்னிடமே திருப்பித் தந்தார். அந்த வருடம் என் மைனர் இருந்த இருப்புக்கு முதல் பரிசு நிச்சயம். எனக்குக் கல்யாணம் பேசி முடித்து வைத்ததே அவர்தான், நான் அவரோடு இரண்டு வருடம் பேசவில்லை. கூட்டத்தில் "மாண்புமிகு செயலாளர் அவர்களே" என்று மட்டும் கூப்பிடுவேன். அவரும் "மாண்புமிகு உறுப்பினர் அவர்களே" என்பார்.

கோப்பைக்கு நான் இவ்வளவு அலைவதில் அந்த இரண்டு வருடத்துக்கும் பங்கு உண்டோ என்னவோ.

பிப்ரவரி 2

சீனப் பெருநாள் விடுமுறையில் கோப்பை விலை விசாரித்தேன்.

வெள்ளி முலாம் பூசியது நம் ஊர் ஈரக்காற்றில் ஆறு மாதத்தில் கறுக்கும், யார் துடைப்பது? பியூட்டர் நல்லது. கறுக்காது, நம் நாட்டுச் சரக்கு, ராயல் சிலாங்கூர் 1885இலிருந்து செய்கிறது, பெரும்பகுதி வெள்ளீயம். ஈயத்தால் வளர்ந்த ஊரில் ஈயக் கோப்பை பொருத்தம்தான். டத்தோ கெராமட் சாலையில் உருக்காலை இருந்த காலத்தை அண்ணன் அடிக்கடி சொல்வார், அவர் அப்பா அங்கே வேலை செய்தவர். ஆனால் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். எங்கள் கிளப்பில் ஒருவர் போன கோப்பையை எக்ஸாஸ்ட் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தவர். அவரிடம் பியூட்டரைக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை.

விலை ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்). நான் பொருளாளர், எனக்கு நெஞ்சு வலித்தது.

இன்னொன்றும் பேச வேண்டும். மூன்று முறை வென்றவருக்கே சொந்தம் என்று சிலர் விதி வைக்கச் சொல்கிறீர்கள். வேண்டாம். ஜூல் ரிமே கோப்பைக்கு அதே விதிதான், 1970இல் பிரேசில் மூன்றாவது முறை வென்று வீட்டுக்கே எடுத்துப் போனது. 1983இல் ரியோவில் திருடு போய்விட்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. அதற்கு முன்னால் 1966இல் இங்கிலாந்திலும் ஒருமுறை திருடு போய், பிக்கிள்ஸ் என்ற நாய் வேலியடியில் செய்தித்தாள் சுற்றிக் கிடந்ததை மோப்பம் பிடித்து எடுத்தது. எங்கள் கமிட்டியில் நாய் இல்லை. கோப்பை கிளப்புக்கே சொந்தம், வென்றவர் ஒரு வருடம் வைத்திருந்துவிட்டுத் திருப்பித் தருவார். ரசீது வாங்குவேன்.

பிப்ரவரி 12

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போய்வந்தேன். கால் இன்னும் கெஞ்சுகிறது.

வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கக் கை நீட்டினால் ஊற்றுவது அண்ணி. போன வருடம் அண்ணன் காரியத்தில் பார்த்தது. கூட்டம் தள்ளுகிறது, நின்று பேச முடியவில்லை, நான் மோர்க் குவளையோடு ஓரமாக நகர்ந்து, "அண்ணி, அண்ணன் பேரில் ஒரு கோப்பை வைக்கிறோம்" என்று கத்தினேன். அவர் திரும்பக் கத்தினார்: "கோப்பை எதுக்கு? வீட்டில் அவரோட பூவாளி கிடக்கு, அதை வந்து எடுத்துட்டுப் போங்க, கொசு முட்டை போடுது!"

பிப்ரவரி 13

பூவாளி என்றால் என்ன என்று கேட்ட இளைஞர்களுக்கு: செடிக்குத் தண்ணீர் ஊற்றும் தகரப் பாத்திரம், நீளமான மூக்கு. மூக்கு நுனியில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டால் ரேடியேட்டர் வாய்க்குள் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றலாம். 120ஒய் பூட்டில் (டிக்கியில்) எப்போதும் அது இருக்கும், கழுத்துவரை தண்ணீரோடு, வாயில் பிளாஸ்டிக் பை கட்டி. கூடவே ஒரு ரொட்டி டின். அதில் பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், நாலைந்து அளவில் பெல்ட், பாயிண்ட் இடைவெளி பார்க்க ஒரு தீப்பெட்டி அட்டை. தீப்பெட்டி அட்டை 15 தவு (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு) இருக்கும் என்பார். நான் ஒருமுறை அளந்தேன், இல்லை. ஆனால் காடி ஓடியது.

எனக்கு இரவெல்லாம் ஒரே நினைப்பு. ஆயிரம் வெள்ளி மிச்சம் என்ற நினைப்பும் அதில் உண்டு, மறைக்கவில்லை.

பிப்ரவரி 23

கமிட்டிக் கூட்டம். பூவாளியை மேசைமேல் வைத்தேன். இரண்டு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

தலைவர், "சுழற்பூவாளியா? பத்திரிகையில் எப்படிப் போடுவது?" என்றார். ஒருவர் குரோம் பூசலாம் என்றார். பூசினால் நான் ராஜினாமா செய்வேன் என்றேன். அதையும் குறிப்பில் எழுதுங்கள் என்றேன். இப்போதைய செயலாளர் எழுதவில்லை. அண்ணன் எழுதியிருப்பார்.

கூராக்காரத் தம்பி பார்வையாளராக வந்திருந்தார். "என் காடிக்கு ரேடியேட்டரே கிடையாது, காற்றிலேயே குளிர்கிறது, இந்தக் கோப்பையால் எனக்கு என்ன பயன்?" என்றார். சிரித்துவிட்டோம். நியாயமான ஆட்சேபணை என்று அதை எழுதிக்கொண்டார்கள்.

முடிவு: பூவாளியே கோப்பை. மரப்பீடம், பித்தளைத் தகடு. பீடத்தில் ஆணி அடிக்கக்கூடாது, எடுத்து மாட்டுகிற மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் ஊர்வலத்தன்று வென்றவர் அதில் தண்ணீர் நிரப்பிக் கடைசிக் காடியில் கொண்டுவர வேண்டும். இந்தக் கடைசி விதி என் முன்மொழிவு.

யாருக்கு என்பதில் மறுபடி முட்டிக்கொண்டோம். எல்லார் வாயிலும் வந்தது ஒரே ஒரு பெயர். நம் போமன் (மெக்கானிக்). பட்டறை வைத்திருக்கும் சீன அங்கிள். அண்ணன் ஓய்ந்த பிறகு எங்கள் காடிகளை ரோட்டோரத்தில் படுத்து எழுப்பி விடுகிறவர் அவர்தான், ஆறு வருடமாக, காசு கேட்காமல், கேட்டால் "கோப்பி வாங்கிக் கொடு" என்று சொல்லிக்கொண்டு.

சிக்கல் என்னவென்றால் அவர் உறுப்பினர் இல்லை. சேரச் சொல்லிப் பத்து முறை பாரம் கொடுத்திருக்கிறோம், அதில் எண்ணெய்க் கையைத் துடைத்துவிடுவார். உறுப்பினர் அல்லாதவருக்குக் கிளப் பரிசு கிடையாது என்று விதி இருக்கிறது. எழுதியவர் யார் என்று நினைக்கிறீர்கள்?

மார்ச் 8

நோன்பு மாதம். ரமலான் சந்தையில் வாங்கிய ஆயாம் பெர்சிக் ஒரு கையில், பழைய கூட்டக் குறிப்பேடு மறு கையில். விதியில் ஏதாவது சந்து கிடைக்குமா என்று 1982இலிருந்து புரட்டுகிறேன். ஆங்கிலத்தில், சாய்வெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. பூராவும் யார் என்ன சொன்னார், யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார். யார் கோபப்பட்டார் என்பது கிடையாது. ஆனால் கோபப்பட்ட கூட்டங்களில் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கிறது. கவனித்தால் தெரியும்.

சந்து கிடைக்கவில்லை. வேறு ஒன்று கிடைத்தது. நாளை எழுதுகிறேன், கொஞ்சம் ஆற வேண்டும்.

மார்ச் 9

ஜனவரி 15 குறிப்பைப் படித்தவர்கள் இதையும் படித்துவிடுங்கள்.

1991 நவம்பர் கமிட்டிக் கூட்டம். தீர்மானம் எண் 4: கண்காட்சி மனுக்கள் கடைசி நாளுக்குப் பிறகு எக்காரணம் கொண்டும் ஏற்கப்படமாட்டா. செயலாளர் தெரிவித்த கருத்து: மூன்று நாள் சலுகை வைக்கலாம், தபால் தாமதமாகும். சலுகை தேவையில்லை என்று முடிவு. முன்மொழிந்தவர், அப்போதைய தலைவர். வழிமொழிந்தவர்...

நான்.

சத்தியமாக நினைவில் இல்லை. எதற்காக அவ்வளவு கறாராக இருந்தேன் என்றும் தெரியவில்லை. யாரோ ஒருவருடைய மனுவைத் தடுக்க நினைத்திருப்பேன், அது மட்டும் என் புத்திக்குப் பொருந்துகிறது. மூன்று நாள் சலுகை இருந்திருந்தால் என் செவ்வாய்க்கிழமை மனு சரியாக உள்ளே வந்திருக்கும். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட "நீதானப்பா வழிமொழிந்தாய்" என்று அவர் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். குறிப்பேடு அவர் அலமாரியில்தான் இருந்தது. நான் இருந்தால் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, போட்டோஸ்டாட் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

மார்ச் 9, இரவு

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும், அண்ணி சொன்னாங்க" என்கிறாள். 33 வருடமாக!

ஏப்ரல் 6

தகடு வந்துவிட்டது. ஐயோ.

நாலு மொழியில் பொறிக்கக் கொடுத்தோம். மலாய் சரி, ஆங்கிலம் சரி, சீனம் சரி என்றுதான் சொல்கிறார்கள். தமிழில் "செயலாளர்" என்பது "சயெலாளர்" என்று வந்திருக்கிறது. கடைக்காரப் பையன்மேல் தவறில்லை, அவன் நான் அனுப்பியதை அப்படியே ஒட்டியிருக்கிறான். யுனிகோடில் "செ" என்பதை முதலில் "ச", பிறகு கொம்பு என்ற வரிசையில்தான் சேமித்து வைக்கிறார்கள். கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. பொறிக்கும் இயந்திரத்தின் மென்பொருளுக்கு அந்த வேலை தெரியவில்லை, கொம்பைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டது, அது அடுத்த எழுத்தின் முதுகில் ஏறிவிட்டது. இனிமேல் தமிழைப் படமாக மாற்றி அனுப்புங்கள், எழுத்தாக அனுப்பாதீர்கள். கல்யாண அன்பளிப்பு, கோவில் கல்வெட்டு, எதற்கும் இதே பாடம்தான்.

மாற்ற 80 வெள்ளி. கொடுத்தேன், என் சொந்தப் பையிலிருந்து.

கமிட்டியில் ஒருவர், சீனத்தில் சரியாக இருக்கிறதா என்று யாரும் உண்மையாகப் பார்த்தார்களா என்று கேட்டார். எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போமனிடம் காட்டலாம் என்றால், பரிசு வாங்கப் போகிறவரிடமே காட்டுவதா? பரிசு வாங்கப் போகிறவர் என்று யார் முடிவு செய்தது? மறுபடி முதலிலிருந்து.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்து. கோப்பு எண் இல்லாமல்.

விதியைத் திருத்தப் பொதுக்கூட்டம் வேண்டும், பொதுக்கூட்டம் ஜூனில். 27ஆம் தேதி ஊர்வலத்துக்குள் முடியாது. ஆகவே இந்த வருடம் பூவாளி யார் பெயரும் இல்லாமல் கடைசிக் காடியில் வரும். கடைசிக் காடி என்னுடையது. நான் வென்றவன் இல்லை, எடுபிடி மட்டும்.

ஏப்ரல் 28

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு கதை ஓடுகிறது.

பாடாங் கோத்தா திடலிலிருந்து 31 காடிகள் கிளம்பின. தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி வரை பிரச்சினை இல்லை. என் மைனர் கடைசியில், பின் இருக்கையில் பூவாளி, தண்ணீர் நிரப்பி, சீட்பெல்ட் போட்டு. தெலுக் பஹாங்கில் கோப்பிக்கு நிறுத்தியபோது பின் இருக்கை ஈரம். துடைத்தேன். சிந்தியிருக்கும் என்று நினைத்தேன்.

தித்தி கெராவாங் ஏற்றத்தில் மூன்றாவது வளைவு. ஓரமாக ஒரு காடி. நம் கூராக்காரத் தம்பியேதான். முகம் வெளுத்து நிற்கிறார். பின்பக்க மூடியைத் திறந்தால் பெல்ட் அறுந்து கிடக்கிறது. கூராவில் பெல்ட் போனால் சார்ஜ் மட்டும் போகாது, குளிரவைக்கும் காற்றாடியும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அப்படியே ஓட்டினால் எஞ்சின் காலி. நல்லவேளை சிவப்பு விளக்கு எரிந்ததும் நிறுத்திவிட்டார். மாற்றுப் பெல்ட் இருக்கிறதா என்றேன். மூன்று வருடம் சாயம் தேய்த்தவரிடம் ஒரு பெல்ட் இல்லை. (தம்பி, நீங்களே எழுதச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன்.)

அண்ணி பூவாளியோடு அந்த ரொட்டி டின்னையும் கொடுத்திருந்தார். அதில் ஒரு பெல்ட் கிட்டத்தட்டச் சரியான அளவு. எனக்கு மாட்டத் தெரியவில்லை. கூராவில் பெல்ட்டை இறுக்குவதற்குக் கப்பியைப் பிரித்து நடுவில் இருக்கும் வளையங்களை எடுத்து வெளியே போட வேண்டும், அந்தச் சூட்சுமம் மைனர்காரனுக்கு எதற்கு? போமனுக்கு அழைத்தேன். அவர் முன்னால் பாலிக் புலாவில் லக்சா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிக் கிண்ணத்தோடு எழுந்து வந்தார். பதினைந்து நிமிடம், வேலை முடிந்தது.

கை முழுக்கக் கரி. தண்ணீர் கேட்டார். பூவாளியை எடுத்து நான் ஊற்ற, அவரும் தம்பியும் கை கழுவினார்கள். ரேடியேட்டர் இல்லாத காடிக்கும் பயன்பட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன், தம்பி முந்திக்கொண்டு, "சொல்லாதீங்க அங்கிள்" என்றார்.

ஊற்றும்போதே தண்ணீர் தீர்ந்துவிட்டது. கழுத்துவரை நிரப்பியது, கால் பங்குதான் இருந்திருக்கிறது. போமன் வாங்கித் தலைகீழாகப் பிடித்து வெயிலில் பார்த்தார். அடியில் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டை. அண்ணன் எப்போதோ ஈயம் வைத்துப் பற்றவைத்த இடம், அது விட்டுப் போயிருக்கிறது. விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை, தன் வேனில் முன் இருக்கையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 30

பலர் கேட்கிறார்கள், கோப்பை இப்போது எங்கே என்று. போமன் பட்டறையில், பேட்டரி சார்ஜருக்குப் பக்கத்தில். இன்று போய்ப் பார்த்தேன். பீடத்தையும் தகட்டையும் கொண்டுபோயிருந்தேன், அளவு பார்க்கிற சாக்கில். தகட்டில் சீன வரியைப் படித்தார். சரியாக இருக்கிறதா என்றேன். "சரிதான்" என்று சொல்லிவிட்டு அதையும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவை துடைத்து பூவாளிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்.

ரசீது வாங்கவில்லை. எப்போது திருப்பித் தருவீர்கள் அங்கிள் என்று கேட்டேன்.

"அவசரமா?" என்றார்.

இல்லை என்றேன்.